வயிறு என்ன சொல்கிறது?

பள்ளிக்கு எழுதும் விடுப்புக் கடிதங்களில் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக அடிக்கடி பழி சுமப்பது வயிறுதான். 'வயிற்றுவலி காரணமாக இன்று வகுப்புக்கு வர இயலவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆசிரியரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு வேறு வேறு தொல்லைகள் ஒளிந்திருக்கலாம். ஒன்றுக்கு ஏற்ற மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கூர்மையாக இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சல், புளியேப்பம், பொருமல், உப்புசம், மந்தம், கடுப்பு, கழிச்சல், மலச்சிக்கல் என்று எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் ஒரு தனி நிலையைக் குறிக்கிறது. இன்றோ இவை அனைத்தையும் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். நெஞ்சு எரிந்தாலும் கேஸ், வயிறு வலித்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். இந்தச் சோம்பல் சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகிறது. எனவே வயிறு எந்த இடத்திலிருந்து என்ன சொல்கிறது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேட்போம்.

பொத்தேரியிலிருந்து மின்சார ரயிலில் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுக்குத் தாம்பரம் - செங்கல்பட்டுப் பாதை மனப்பாடம். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலைநகர் என்று வரிசையாகச் சொல்வார்கள். 'வண்டி தாமதம்' என்று மட்டும் அறிவித்தால் அவர்களுக்குப் போதாது. எந்த நிலையத்தில் நிற்கிறது, என்ன கோளாறு என்று தெரிந்தால்தான் காத்திருப்பதா, பேருந்துக்கு ஓடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

நம் உணவுப்பாதையும் அப்படி ஒரு பாதைதான். வாயிலிருந்து ஆசனவாய் வரை ஏறக்குறைய 8 அல்லது 9 மீட்டர் நீளம். உணவு இரைப்பையில் 2 முதல் 4 மணி நேரம் தங்குகிறது. 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலைக் கடக்க மேலும் 4 முதல் 6 மணி நேரம். பெருங்குடல் ஒன்றரை மீட்டர்தான். ஆனால் அதைக் கடக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். நிலையத்துக்கு நிலையம் வாயில்கதவு போல வளையத்தசைகள் இருக்கின்றன. அவை திறந்து மூடி, வண்டியை ஒரே திசையில் அனுப்புகின்றன.

முதல் கதவு கசிந்தால்

இரைப்பையின் உட்சுவரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் கண்ணாடிப் புட்டியில் இருக்கிறதே, அதே அமிலம்தான். இரைப்பைக்குள் நடப்பதை நேரே பார்த்து ஆராய்ந்தவர் வில்லியம் பியூமாண்ட் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். 1822-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஓர் இளைஞரின் வயிற்றில் காயம் ஆறிய பிறகும் ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது. பியூமாண்ட் அந்தத் துளை வழியே நூலில் கட்டிய இறைச்சித் துண்டுகளை உள்ளே விட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து, வெளியே இழுத்துப் பார்த்தார்! உணவு அங்கே அரைக்கப்படுவது மட்டுமன்று, வேதிவினைக்கும் உட்படுகிறது என்று 1833-இல் நூலாக வெளியிட்டார். (அந்த இளைஞர் இதற்கு மனமுவந்து இசைந்தாரா என்பது வேறு கதை. அவர் ஓடிப்போனதும் உண்டு.)

இரைப்பையின் உட்சுவரை ஒரு சளிப்படலம் அமிலத்திலிருந்து காக்கிறது. உணவுக்குழலுக்கு அந்தக் கவசம் இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள கதவு தளர்ந்து அமிலம் மேலே ஏறினால், மார்பெலும்புக்குப் பின்னே எரிகிறது. வாயில் புளிப்பு தட்டுகிறது. இதுதான் நெஞ்செரிச்சல். நெஞ்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அண்டை வீடு, அவ்வளவே.

இரவு பத்தரை மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையோரக் கடையில் நான்கு பரோட்டாவை விழுங்கிவிட்டுப் பதினொரு மணிக்குப் படுத்தால் என்ன நடக்கும்? கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். படுத்தவுடன் புவியீர்ப்பின் உதவியும் போய்விடும். கதவு கசியாமல் என்ன செய்யும்? இரவு உணவைக் குறைத்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வதுதான் முதல் மருந்து. கடையில் விற்கும் அமில முறிப்பான்களில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு, அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற காரங்கள் உள்ளன. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். நீங்கள் பாடத்தில் படித்த அதே வினை. எப்போதாவது சாப்பிடலாம். வாரம் தவறாமல் தேவைப்பட்டால் மருத்துவரைக் காண வேண்டும்.

இங்கே கோலி சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஒரு சோடா குடித்தேன், ஏப்பம் வந்தது, செரித்துவிட்டது' என்பார்கள். வந்த ஏப்பம் சோடாவிலேயே அழுத்தி அடைக்கப்பட்டிருந்த கார்பன் டைஆக்சைடு! காசு கொடுத்து உள்ளே அனுப்பிய வாயு திரும்பி வருகிறது. அதனால் செரிமானம் ஒரு நிமிடம்கூட விரைவாவதில்லை.

வயிற்றுப்புண் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நெடுங்காலம் இருந்தது. காரமும் கவலையும்தான் காரணம் என்று மருத்துவ நூல்களே எழுதின. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைச் சுட்டிக்காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் சில வலி மாத்திரைகளுமே புண்ணுக்குப் பெரும்பான்மைக் காரணங்கள். மிளகாய், இருக்கும் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்கிய பழி அதற்கு வேண்டாம்.

இப்போது, 'கேஸ்' என்ற சொல் செய்யும் பெரிய தீமைக்கு வருவோம். வீட்டில் அப்பாவோ பாட்டியோ நெஞ்சின் நடுவில் அழுத்துகிறது, இறுக்குகிறது என்கிறார். வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது. 'கேஸ்தான், ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகும்' என்று ஒரு மணி நேரம் போகிறது. அது மாரடைப்பாக இருந்தால் அந்த ஒரு மணி நேரமே விலைமதிப்பற்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி பெரிதாகத் தெரியாமலும் போகலாம். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் 108-ஐ அழைக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர் நீங்களாகவே இருக்கலாம். தயங்காதீர்கள்.

உண்மையான வாயு

குடலில் வாயு சேர்வது நோயன்று. அது இல்லாத மனிதரே இல்லை. ஒரு நாளில் பத்து இருபது முறை வாயு பிரிவது இயல்பு என்கிறது மருத்துவம். வாயு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அவசரமாக உண்ணும்போதும் பேசிக்கொண்டே விழுங்கும்போதும் உள்ளே போகும் காற்று. அது பெரும்பாலும் ஏப்பமாகத் திரும்பிவிடும். மற்றொன்று, பெருங்குடலில் உற்பத்தியாவது.

கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி ஆகியவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் என்சைம் நம் சிறுகுடலில் இல்லை. எனவே அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் விருந்துக்குக் காத்திருக்கின்றன! அவை இந்தச் சர்க்கரைகளை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் வெளிப்படுகின்றன; சிலருக்கு மீத்தேனும் உண்டாகிறது. பயறை இரவு முழுவதும் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். முளைகட்டினால் விதையே தன் வளர்ச்சிக்கு அவற்றைச் செலவழித்துவிடும். அம்மா செய்வதற்குப் பின்னால் நல்ல உயிர்வேதியியல் இருக்கிறது. பயறையே விட்டுவிடுவது புத்திசாலித்தனமன்று. புரதத்துக்கு எங்கே போவது?

பாலும் இதே கதைதான். பாலிலுள்ள லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்சைம் குழந்தைப் பருவத்துக்குப் பின் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஒரு பெரிய டம்ளர் பால் குடித்ததும் வயிறு கடமுடவென்றால் அதுவே காரணமாகலாம். ஆனால் தயிர் ஒத்துக்கொள்ளும். உறை ஊற்றியபோதே லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் தின்று, லாக்டிக் அமிலமாக்கிவிட்டன.

வாயுவால் வரும் வலி இடம் மாறும், பிடித்து விடும், வாயு பிரிந்தால் தணியும். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கேயே நிலைத்து, நடந்தாலும் இருமினாலும் கூடுகிறதா? வாந்தியோ காய்ச்சலோ சேர்கிறதா? அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். உங்கள் வயதில்தான் அது அதிகம் வருகிறது. பேதி மருந்து கொடுப்பதோ வயிற்றை நீவிவிடுவதோ மிகத் தவறு. வீங்கிய குடல்வால் வெடித்துவிடக்கூடும். நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரயிலைப் பிடிக்கும் அவசரம்

காலையில் ஏதாவது சாப்பிட்ட சிறிது நேரத்தில் மலம் கழிக்கும் உணர்வு வருகிறதல்லவா? இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் சுருங்குகிறது. புதிய சரக்கு வருகிறது, பழையதை நகர்த்து என்று செய்தி போவதைப் போன்ற ஓர் அனிச்சைச் செயல் இது. காலை வேளையில் அது வலுவாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் பொத்தேரி மாணவர் நடைமேடையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார், பல நாள் காலை உணவே இல்லாமல். உணர்வு வந்தாலும் அடக்குகிறார். அடக்கினால் அது மறைந்துவிடும், மலம் மறையாது. பெருங்குடலின் வேலை நீரை உறிஞ்சுவது. கூடுதலாகத் தங்கிய மலத்திலிருந்து கூடுதலாக நீர் உறிஞ்சப்படுகிறது, அது இறுகுகிறது, மறுநாள் கழிக்க வலிக்கிறது, வலிக்குப் பயந்து மீண்டும் அடக்குகிறார். நாள்தோறும் இது தொடர்ந்தால் அந்த உணர்வே மழுங்கிவிடும்.

இதில் மாணவர்கள்மீது மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல பள்ளிகளில் கழிப்பறையின் நிலை அப்படி. அங்கே போக வேண்டி வருமே என்று காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காத மாணவிகள் இருக்கிறார்கள். அதனால் மலச்சிக்கலோடு சிறுநீர்ப்பாதைத் தொற்றும் வருகிறது. கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் கேட்பது உடல்நலக் கோரிக்கை. கேட்கக் கூச வேண்டாம்.

பதினைந்து நிமிடம் முன்னதாக எழுந்து, இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, அவசரமின்றிக் கழிப்பறையில் அமர்ந்து பாருங்கள். ஒரு வாரத்தில் பழக்கமாகிவிடும். கூடவே நார்ச்சத்து வேண்டும்: கீரை, வாழைத்தண்டு, கொய்யா, கேழ்வரகு. நார் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மலம் இளகியிருக்கும். நீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டிப் பயனில்லை. தினமும் கழித்தே ஆக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளே இயல்பு. முன்பெல்லாம் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து 'குடலைக் கழுவுவது' வழக்கம். நலமாயிருக்கும் குடலுக்கு அது தேவையில்லை.

தண்ணீர் போகும் வழி

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். நாம் நாளொன்றுக்கு உணவிலும் நீரிலுமாக சுமார் 2 லிட்டர் உள்ளே அனுப்புகிறோம். உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடலே மேலும் 7 லிட்டர் சுரந்து கொட்டுகிறது. மொத்தம் 9 லிட்டர்! மலத்தோடு வெளியேறுவது ஏறக்குறைய 100 அல்லது 200 மில்லிலிட்டர்தான். மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் கணக்கு சற்றே பிசகினாலும் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு என்பது அந்தப் பிசகுதான். சென்னைக்கும் புறநகருக்கும் இது அந்நியமன்று. 1992-இல் சென்னையில் ஒரு புதுவகைக் காலராக் கிருமி தலைகாட்டியது. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாம் ஓ1 என்ற பிரிவைச் சேர்ந்தது, இது ஓ139. பின்னர் அது வங்கக் கடலோரம் எங்கும் பரவி, 'பெங்கால்' என்ற பெயரையும் பெற்றது. மிக அண்மையில், 2024 டிசம்பர் முதல் வாரத்தில், பல்லாவரம் பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் நோயுற்று, குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் கூறினார்கள். அதிகாரிகள் அதை உடனே ஏற்கவில்லை. நீர் மாதிரிகள் சோதனைக்குப் போயின. குழாய் நீரோ, லாரி நீரோ, கேன் நீரோ, மழைக்காலத்தில் கொதிக்கவைத்துக் குடிப்பதே பாதுகாப்பு. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்.

வயிற்றுப்போக்கில் உயிரைக் கொல்வது பெரும்பாலும் கிருமியன்று; நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். காலராக் கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது என்று 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே காட்டினார். அந்த நச்சால் குடற்சுவரின் செல்கள் குளோரைடு உப்பை வெளியே தள்ளுகின்றன. பின்னாலேயே நீரும் கொட்டுகிறது. வெறும் நீரைக் குடித்தால் அது போதிய அளவு உள்ளே போவதில்லை. ஆனால் அதே செல்லில் இன்னொரு கதவு பழுதாகாமல் இருக்கிறது. அந்தக் கதவு சோடியமும் குளுகோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போனால் நீரும் கூடவே போகும். இந்த இரட்டைக் கதவை ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் 1960-இல் எடுத்துச் சொன்னார்.

அது நூலில் உறங்கவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் போங்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோயின. மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுகோஸும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே. சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022-இல் அவர் மறைந்தார். 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்தக் கரைசலின் வழிவந்ததுதான் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லாதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போடுங்கள். சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போனபின்னும் ஒரு டம்ளர். வாந்தி இருந்தால் ஒரு தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டியாக. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. மாவுப்பொருள் குடலில் குளுகோஸாகி அதே கதவைத் திறக்கும்.

கடையில் வண்ணப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. சில நிறுவனங்கள் அத்தகைய பானங்களுக்கே ஓ.ஆர்.எஸ். என்று பெயரிட்டு விற்றன. அப்படிப் பெயரிடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கின்போது பட்டினி போடுவதும் தவறு. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. போக்கை 'நிறுத்தும்' மாத்திரையைச் சிறுவர்களுக்குத் தாமாகக் கொடுக்கக் கூடாது. கண் குழிந்து, நாக்கு உலர்ந்து, சிறுநீர் அற்று, சோர்ந்து கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

வேறொன்றும் சொல்ல வேண்டும். புறநகர்த் தெருக்களில் 'இங்கே தொக்கம் எடுக்கப்படும்' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை வாந்தி எடுத்தால், எப்போதோ தின்றது குடலில் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லி, ஊதியோ உறிஞ்சியோ அதை 'எடுத்து'க் காட்டுவார்கள். இரைப்பை சில மணி நேரத்தில் காலியாகிவிடும் என்று மேலே பார்த்தோம். போன வாரம் தின்ற உணவு அங்கே எப்படி இருக்கும்? எடுத்துக் காட்டும் துண்டு எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையின் உடலிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். கையில் ஒரு டம்ளர் உப்பு-சர்க்கரை நீரை எடுத்துக்கொண்டு, 'முதலில் இதைக் கொடுப்போம் பாட்டி' என்றால் மறுக்கமாட்டார்கள்.

செய்து பாருங்கள்

சர்க்கரை கூடினால் என்ன குற்றம் என்று கேட்கிறீர்களா? உருளைக்கிழங்கை விரல் நீளத்தில், ஒரே பருமனில் மூன்று துண்டுகளாக நறுக்குங்கள். ஒன்றை வெறும் நீரிலும், ஒன்றை மேலே சொன்ன உப்பு-சர்க்கரைக் கரைசலிலும், மூன்றாவதை அரை டம்ளர் நீரில் ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரை கரைத்த கரைசலிலும் போட்டு மூன்று மணி நேரம் வையுங்கள். பிறகு எடுத்து வளைத்துப் பாருங்கள். கெட்டிச் சர்க்கரைநீரில் கிடந்த துண்டு தொய்ந்து வளையும். அதன் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டுவிட்டது. அதே கரைசல் குடலுக்குள் போனால், அங்கும் உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். நேரம் இருந்தால் நான்காவது கிண்ணத்தில் உங்களுக்குப் பிடித்த குளிர்பானத்தை ஊற்றி, அதிலும் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள்.